மேட்சை விடாமல் மிக்சரை மட்டும் விடுவது எப்படி? (86 கிலோ, நாகர்கோவில்)

கோட்டாறு86:

வணக்கம். வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ. கணினி முன்னால் ஒன்பது மணி நேர வேலை. போன வாரம் தங்கச்சி வீட்டு விசேஷத்தில் பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எழும்பும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் பக்கத்தில் இருந்த மச்சானின் தோளைப் பிடித்துத்தான் எழும்ப முடிந்தது. மச்சானுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது கூடுதல். அவர் இலையை மடக்கிவிட்டு இலகுவாக எழும்பிப் போனார்.

எடை குறைக்க வேண்டும், சரி. ஆனால் யாரிடம் கேட்டாலும் முதலில் என் சந்தோஷத்தில்தான் கை வைக்கிறார்கள். டிவியை நிறுத்து, படம் பார்க்கப் போகாதே, ஒன்பது மணிக்குப் படு என்கிறார்கள். ஐபிஎல் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை இரவுக் காட்சி எனக்கும் வீட்டம்மாவுக்கும் கல்யாணம் ஆன நாள் முதல் உள்ள வழக்கம், தமிழ்ப்படம் இல்லையென்றால் மலையாளப்படம். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒல்லியாகி என்ன செய்யப் போகிறேன்?

ஏற்கனவே ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் பேச்சைக் கேட்டு டப்பாப் பவுடர் வாங்கி, இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதில் அதைக் கலக்கிக் குடித்தேன். ஒரே மாதத்தில் 6 கிலோ குறைந்தது. நிறுத்திய நாலு மாதத்தில் 8 கிலோ ஏறியது. அந்தக் காசுக்கு ஒரு வருடம் சாளை மீன் வாங்கியிருக்கலாம்.

ரப்பர்காட்டான்:

மேட்சை விடவேண்டாம் அண்ணே. மச்சானை விட்டுராதீங்க, அடுத்த விசேஷத்துக்கு எழும்ப வேண்டாமா.

சொத்தவிளை நடையன்:

எளிய வழி இருக்கிறது. சோறு, கிழங்கு, புட்டு, ஆப்பம், பழம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முட்டை, இறைச்சி, தேங்காய் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும். நான் மூன்று வாரத்தில் நாலு கிலோ இறக்கினேன்.

தக்கலை நர்ஸ்:

நடையன் அண்ணே, நாலாவது வாரம் என்ன ஆனது என்றும் எழுதுங்கள். முதல் சில நாளில் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர்.

கோட்டாறு அண்ணே, நான் பதினாறு வருடமாக நர்ஸ். டாக்டர் இல்லை, அதனால் மருந்து பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். உங்கள் கணக்குப்படி பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 30.5 வருகிறது. நம் இந்திய உடம்புக்கு 23க்கு மேல் போனாலே எடை கூடுதல், 25க்கு மேல் உடல் பருமன் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம் இடுப்புச் சுற்றளவு. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. தயவுசெய்து பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும், அது பொய் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்டபிறகு அளங்கள்.

ஆசைப்பட வேண்டியது முதலில் 5 சதவீதம்தான், அதாவது நாலு கிலோவும் கொஞ்சமும். அதற்கு மூன்று நாலு மாதம் ஆனால் போதும். அந்த அளவு குறைந்தாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியத் தொடங்கும். ஒரே மாதத்தில் 6 கிலோ இறக்கினால் கொழுப்போடு தசையும் போகும், சிலருக்குப் பித்தப்பையில் கல் வரும். சர்க்கரை, தைராய்டு, பிரஷர் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏற்கனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு ஒருவேளைச் சாப்பாட்டை வெட்ட வேண்டாம். திடீரென்று சர்க்கரை இறங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போதைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம். மேட்ச் பார்க்கும்போது சாப்பிடும் மிக்சரை மட்டும் தராசில் நிறுத்துப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

கோட்டாறு86:

நேற்று செய்தேன். வீட்டம்மா கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கிய சின்னத் தராசு அலமாரியில் இருந்தது. 200 கிராம் பாக்கெட்டை அப்படியே எவர்சில்வர் கிண்ணத்தில் கொட்டினேன். கிண்ணத்தோடு வைத்து, கிண்ணத்தின் எடையைக் கழித்து, 200 என்று குறித்துக்கொண்டேன். பிறகு வழக்கம்போல மடியில் கிண்ணம், கண் டிவியில்.

எத்தனை எடுத்திருப்பேன் என்று யாராவது கேட்டிருந்தால், ஒரு ரெண்டு கை என்றுதான் சொல்லியிருப்பேன். முதல் இன்னிங்ஸ் முடிந்து தராசில் வைத்தால் 78 காட்டுகிறது. தராசு பிழை என்று நினைத்து ஒரு கிலோ உளுந்து பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். தராசு சரிதான். மகள்மேல் பழி போடலாம் என்றால், அவள் பொறுக்கியது நாலைந்து நிலக்கடலை. மீதி 122 கிராம் என் வயிற்றில். சாப்பிட்ட ருசிகூட நினைவில்லை. பதினெட்டாவது ஓவரில் விழுந்த விக்கெட் நன்றாக நினைவிருக்கிறது.

இடுப்பு 104 செ.மீ.

தக்கலை நர்ஸ்:

வறுத்த, பொரித்த நொறுக்குகளுக்கு 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் போகும். 122 கிராமுக்கு ஏறத்தாழ 650 வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் நல்ல வேகத்தில் நடந்தால் செலவாவது சுமார் 150. ஒரு இன்னிங்ஸ் மிக்சருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். இதற்கு மேல் ராத்திரிச் சாப்பாடும் சாப்பிட்டிருப்பீர்களே?

கோட்டாறு86:

ஆப்பம் நாலு. சிக்கன் குழம்பு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பழைய நாஞ்சிலான்:

தம்பி வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு 71 வயது. நடையன் தம்பி போகிறபோக்கில் கிழங்கை நிறுத்தச் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, இந்த மண்ணுக்குப் பிறகு வந்த பயிர்தான். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பர்மா அரிசி வராமல் போனபோது எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கால்தான் என்று அம்மை சொல்லுவாள். 1956இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், கிழங்கும் கூடவே வந்தது. தோண்டி, தொலித்து, கொத்தி, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, மீன்குழம்போடு தின்றவர்கள் ஒல்லியாகத்தான் இருந்தார்கள். வயலிலும் கடலிலும் வேலை செய்தார்கள். சோபா கிடையாது. கிழங்கில் என்ன குற்றம்?

சொத்தவிளை நடையன்:

அய்யா, அன்றைக்கு வேலை இருந்தது, கிழங்கு செரித்தது. இன்றைக்கு யார் மண்வெட்டி பிடிக்கிறோம்? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

தக்கலை நர்ஸ்:

இரண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் பாதிதான். கிழங்கு கெட்டது இல்லை, காய்கறியும் இல்லை. நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒரு தட்டு கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, "சோறு வேண்டாமா" என்று கேட்டால் "கொஞ்சம் போடு" என்போம். கிழங்கைக் கூட்டான் (தொட்டுக்கொள்ளும் கறி) கணக்கில் சேர்ப்பதுதான் பிழை. அது சோற்றின் இடத்தில் வர வேண்டியது. பச்சையாக 100 கிராமுக்கு 160 கலோரி, புரதம் பெயருக்குத்தான். அதனால்தான் சாளை கூடவே வேண்டும். அந்தக் காலத்துச் சேர்க்கை அறிவோடுதான் இருந்தது. வடித்துக் கொட்டுவதும் அப்படித்தான், கிழங்கில் உள்ள நச்சுப்பொருள் அந்தத் தண்ணீரோடு போகும்.

கிழங்கு உள்ள நாள் சோறு இல்லை. தட்டில் பாதி பயறு துவரனோ (பொரியல்) கோஸ் துவரனோ இருக்கட்டும். கஞ்சியும் பயறும் இருக்கும் வீட்டில் ஓட்ஸ் தேடி அலைய வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும் என்பதை மட்டும் என்னால் விட முடியாது. எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரிச் சாப்பாட்டுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள்?

கோட்டாறு86:

ஆறு. மூன்று பேர்தான் இருக்கிறோம்.

பழைய நாஞ்சிலான்:

எனக்குப் பதினெட்டு தென்னை நிற்கிறது. நான் இந்தக் கேள்வியைப் படிக்கவில்லை.

ஒன்பதாவது ஓவர்:

இத்தனை கலோரிக் கணக்குக்கு நடுவில் கேட்டவரின் கேள்வியை மறந்துவிட்டீர்கள். மேட்சை விட மாட்டேன் என்றார். விடவேண்டாம். மேட்சிலேயே நடை இருக்கிறது.

ஐபிஎல்லில் ஒரு இன்னிங்ஸுக்கு இரண்டு டைம்அவுட், ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். மேட்சுக்கு நாலு, ஆக பத்து நிமிடம். இன்னிங்ஸ் இடைவேளை இருபது நிமிடம். மொத்தம் முப்பது. அந்த முப்பது நிமிடமும் விளம்பரமும் வர்ணனையாளர் பேச்சும்தான், ஒரு பந்துகூடத் தவறாது. நான் போன சீசன் முழுக்க முற்றத்தைச் சுற்றினேன். வாரம் ஐந்து மேட்ச் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு நேரம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று சொல்வதும் அதே 150தான். மேட்ச் அட்டவணை போட்டவருக்கு இது தெரியுமா என்று தெரியாது!

வேகம் முக்கியம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இளையராஜா பாட்டைக் காதில் மாட்டி நடக்கலாம், கூடச் சேர்ந்து சரணம் முழுக்கப் பாட மூச்சு மிச்சம் இருந்தால் நீங்கள் உலாவுகிறீர்கள் என்று அர்த்தம்.

கையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கிண்ணம் இருந்த கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். நான் நிலக்கடலையைத் தோட்டோடு அவித்து வைத்தேன். ஒவ்வொன்றாக உடைத்துத் தின்பதற்குள் ஓவர் முடிந்துவிடும்.

திங்கள்சந்தை அக்கா:

தோட்டைக் கூட்டிப் பெருக்கியது யார் தம்பி?

ஒன்பதாவது ஓவர்:

மைனி, அது வேறு இழை.

ரப்பர்காட்டான்:

நடந்தால் மெலியலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு சாட்சி நான். காலையில் நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக முந்நூறு ரப்பர் மரத்தில் பட்டை வெட்டுகிறேன். பிறகு பால் எடுக்க அதே முந்நூறு மரம். ஆனாலும் தொப்பை முன்னால் நடக்கிறது, நான் பின்னால்.

யோசித்துப் பார்த்தேன். வெட்டு முடிந்து குலசேகரம் கடையில் சாயா, இரண்டு பழ பஜ்ஜி. சாயாவில் இரண்டு கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து சாயா. இது போதாதென்று நம்மூரில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மழை பெய்தால் வெட்டு இல்லை. மரம் இலை உதிர்க்கும் மாதத்திலும் இல்லை. வேலை நின்றுவிடும், ஆனால் வயிற்றுக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. சோறு அதே அளவு. வருடாவருடம் எனக்கு எடை ஏறுவது இந்த மாதங்களில்தான்.

தக்கலை நர்ஸ்:

ஐந்து சாயா, பத்துக் கரண்டி, ஏறத்தாழ 50 கிராம் சீனி. 25க்குள் இருந்தால் நல்லது. ஒரேயடியாக வேண்டாம், வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். அதற்குப் பதில் கருப்பட்டி போடுகிறேன் என்று வராதீர்கள், கருப்பட்டிக் காப்பி ருசிக்குக் குடிக்கலாம், சீனிக்குத் தப்ப முடியாது. மழை மாதத்தில் முதலில் சோற்றில் ஒரு அகப்பை குறையட்டும்.

பதினாறு எபிசோடு:

நான் கல்லூரியில் படிக்கிறேன், களியக்காவிளைப் பக்கம். அக்கா, எனக்கு 52 கிலோ, 157 செ.மீ. கொரியத் தொடர்கள் நிறையப் பார்ப்பேன், ஆட்டமும் பழகுகிறேன். அதில் வரும் பெண்களைப் பார்த்தால் என் கை தடிமனாகத் தெரிகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா ஒருவர் எல்லார் முன்னாலும் "கொஞ்சம் உடம்பு வைத்துவிட்டாய் போலயே" என்றார். அன்று முதல் மத்தியானம் சாப்பிடுவதில்லை. எடை 49 ஆனது. தலை சுற்றுகிறது, முடி கொட்டுகிறது, இந்த மாதம் பீரியட்ஸும் வரவில்லை. இன்னும் எவ்வளவு குறைக்க வேண்டும்?

தக்கலை நர்ஸ்:

தங்கச்சி, ஒரு கிராம்கூட வேண்டாம். 52 கிலோவில் உன் பிஎம்ஐ 21. அது சரியான எடை. தலைச்சுற்று, முடி கொட்டுவது, பீரியட்ஸ் தள்ளிப்போவது மூன்றும் சேர்ந்து வந்தால் உடம்பு பட்டினி என்று சொல்கிறது. இந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார், ஹீமோகுளோபின் பார்க்கச் சொல். மத்தியானச் சாப்பாட்டை நாளைக்கே தொடங்கு. பயம் வந்தால், சாப்பிட மனசே வரவில்லை என்றால், அதையும் டாக்டரிடம் வெட்கமில்லாமல் சொல். அதுவும் மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

தொடரைப் பார், ஆட்டம் ஆடு. திரையில் வரும் உடம்புக்குப் பின்னால் பயிற்சியாளர், சமையல்காரர், வெளிச்சம் வைப்பவர், ஒப்பனைக்காரர் என்று ஒரு கூட்டமே வேலை செய்கிறது. சட்டையைக் கழற்றும் காட்சிக்கு முன் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததை நடிகர்களே பேட்டியில் சொல்லியிருக்கிறார்கள். அது அவர்கள் தொழில்.

திங்கள்சந்தை அக்கா:

பிள்ளே, அந்தப் பெரியம்மாவிடம் அடுத்த தடவை "ஆமா பெரியம்மா, உங்க கைப் பாயசம் அப்படி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோ. நம்மூர்க் கல்யாணத்தில் எடை போடாத ஆள் கிடையாது. பப்படத்தை நொறுக்கி, பழத்தைப் பிசைந்து, பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டே அடுத்தவள் உடம்பைப் பேசுவார்கள். சாப்பிடு. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

பதினாறு எபிசோடு:

இன்று மத்தியானம் சாப்பிட்டேன். சோறு, புளிசேரி (மோர்க்குழம்பு), முட்டை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகிறோம்.

ஒன்பதாவது ஓவர்:

நல்ல செய்தி. மதியம் புளிசேரி என்று படித்ததும் எனக்குப் பசிக்கிறது, மணி பதினொன்று.

சொத்தவிளை நடையன்:

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வாரம் ஒரு கல்யாணம், அதோடு நான் சொன்ன சோறு, கிழங்கு இல்லாத சாப்பாடு, அந்தக் கீட்டோ, முடிந்தது. நாலில் மூன்று திரும்பிவிட்டது. நடையை மட்டும் விடவில்லை. கோட்டாறு அண்ணே ஞாயிற்றுக்கிழமை காலையில் சொத்தவிளைக் கடற்கரைக்கு வந்தால் சேர்ந்து நடக்கலாம். மணலில் நடப்பது ரோட்டில் நடப்பதைவிடக் கடினம், கொஞ்ச தூரமே போதும். கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் வேண்டாம். அலை சொல்லாமல் ஏறும், அன்றைக்கு அண்ணா ஸ்டேடியம் பக்கம் போய்விடுவேன்.

ரப்பர்காட்டான்:

சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போகலாமே. முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோவில், நூறு கிலோமீட்டருக்கு மேல்.

கோட்டாறு86:

கல்லூரி நாளில் ஒருமுறை ஒரு பழக்கமும் இல்லாமல் போனேன். கையில் விசிறி, வாயில் கோபாலா கோவிந்தா. திற்பரப்பு தாண்டும்போது கால் கொப்பளித்துவிட்டது, மீதியை நண்பனின் பைக்கில் முடித்தேன். சாமிக்குத் தெரியும், நண்பனுக்கும் தெரியும். ஒரு நாள் ஓடிவிட்டு மீதி 364 நாள் சோபாவில் கிடப்பதுதான் என் சரித்திரம். வேண்டாம். ஞாயிறு நடைக்கு வருகிறேன்.

இரவுக் காட்சிக்கு யாராவது வழி சொல்லுங்கள். படம் முடிய ஒரு மணி ஆகிறது, வரும் வழியில் பரோட்டாக்கடை மட்டும்தான் திறந்திருக்கிறது, கல்லில் தட்டும் சத்தம் கேட்டால் பைக் தானாக நிற்கிறது.

திங்கள்சந்தை அக்கா:

பசியோடு தியேட்டருக்குப் போனால் அப்படித்தான். ஏழு மணிக்கே வீட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் மாலைக் காட்சிக்குப் போய்விட்டு, பரோட்டாவை ஒன்பதரைக்கு உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள், இரண்டோடு. மாதத்துக்கு ஒருமுறை. நானும் வீட்டுக்காரரும் அப்படித்தான், அவர் மூன்று கேட்பார், நான் சால்னாவை நகர்த்தி வைப்பேன்.

தக்கலை நர்ஸ்:

மாலைக் காட்சிக்கு என் ஓட்டும். இரவு சரியாகத் தூங்காவிட்டால் மறுநாள் பசியும் கூடும், இனிப்பின்மேலும் பொரித்ததன்மேலும் மனசு போகும். நைட் ட்யூட்டி முடித்து வரும் நாளில் எனக்கே பேக்கரி முட்டை பப்ஸைத் தாண்டிப் போக முடிவதில்லை. இத்தனை பேசுகிற நானும் போன மாதம் இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன்.

கோட்டாறு86:

பதினைந்து வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

இன்று காலை 81.9 கிலோ. இடுப்பு 98. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது, டாக்டர் மாத்திரை தரவில்லை, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். தைராய்டு சரி.

நடந்ததைச் சொல்கிறேன். ஐபிஎல் முடியும்வரை நன்றாகப் போனது. டைம்அவுட் வந்தால் மகள்தான் "அப்பா எழும்பு" என்பாள், அவளும் கூட ஓடுவாள். மிக்சர் ஞாயிறு மட்டும், 30 கிராம் நிறுத்து, சின்னக் கிண்ணத்தில். ஒருநாள் 40 போட்டேன், அன்று மகள் வீட்டம்மாவிடம் காட்டிக்கொடுத்துவிட்டாள். எண்ணெய் ஆறு லிட்டரில் இருந்து நாலுக்கு வந்திருக்கிறது. மூன்று பேருக்கு அதுவும் கூடுதல்தான், தெரியும்.

ஜூனில் சறுக்கினேன். மேட்ச் இல்லை, விடாத மழை, மூன்று வாரத்தில் இரண்டு கல்யாணம். ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது. ரப்பர்காட்டான் தம்பி சொன்னது அப்போதுதான் உறைத்தது. மழை நாளில் இப்போது வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன், எட்டுப் பாட்டு முடியும்வரை. எட்டுப் பாட்டு என்றால் அரைமணிக்கு மேல் வந்துவிடுகிறது, கடிகாரம் பார்க்க வேண்டாம். சமையலறையில் இருந்து முன்வாசல் வரை பதினேழு காலடி.

போன வாரம் இன்னொரு பந்தி. மச்சான் பக்கத்தில்தான். தோளைப் பிடிக்கவில்லை, தரையில் கை ஊன்றத்தான் செய்தேன். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, இலையை மடக்கிவிட்டுச் சிரித்தார்.

தராசை வீட்டம்மா திருப்பிக் கேட்கிறாள்.

பதினாறு எபிசோடு:

வாழ்த்துகள் அண்ணா. நான் 51. பீரியட்ஸ் சரியாகிவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன். ஆட்டப் போட்டியில் எங்கள் குழுவுக்கு இரண்டாம் பரிசு.

ரப்பர்காட்டான்:

சாயா ஒரு கரண்டிக்கு வந்துவிட்டது. பஜ்ஜி இன்னும் வரவில்லை, அதாவது ஒன்றுக்கு. அக்கா, சாளைப் புளிமுளக் குழம்புக்குத் தேங்காய் எவ்வளவு போட வேண்டும்?

திங்கள்சந்தை அக்கா:

அதைக் கேட்டால் தக்கலையும் நாஞ்சிலானும் இங்கேயே சண்டை போடுவார்கள். தனி இழை தொடங்கு தம்பி, வருகிறேன்.